கொடும்பாவியும் கம்பளிப்பூச்சியும்

திண்டிவனத்தில் பஸ் ஏறும்போது கண்டக்டர் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இதுல, அம்மிக்கல்லா?" என்று கேட்டார். ஒலிப்பதிவு இயந்திரம் என்றேன். "அப்ப மேல போட்டா பாடுமா?" என்று சொல்லிக்கொண்டே, நான் தடுப்பதற்குள் கூரைக்கு ஏற்றிவிட்டார். செஞ்சி வரும்வரை என் உயிர் கூரைமேலேயே இருந்தது. இறங்கிப் பார்த்தால் பெட்டியின் மேல் ஒரு கோழிக்கூடை. கோழிகள் சௌக்கியமாக இருந்தன, இயந்திரமும் பிழைத்திருந்தது.

கோலாலம்பூர் வானொலியின் தமிழ்ப் பகுதியில் அறிவியல் பேச்சுகள் தயாரிப்பது என் வேலை. கொசு எப்படிக் காய்ச்சலைக் கொண்டுவருகிறது, தண்ணீரை ஏன் கொதிக்க வைக்க வேண்டும், ரப்பர் மரத்துக்கு என்ன நோய் வருகிறது என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் விவசாயிகளிடம் விஞ்ஞானத்தை எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லி மேலதிகாரி அனுப்பினார். கற்றுக்கொள்ளப் போகிறேன் என்பதைவிடக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்புதான் எனக்கு அதிகம். மைக் முன்னால் உட்கார்ந்தால் எதையும் யாருக்கும் புரியவைத்துவிடுவாள் என்று எனக்கு அலுவலகத்தில் பெயர்.

ஆனி மாத வெயில் செஞ்சியைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் மதியம் இரண்டு மணிக்கு வானம் கறுத்துவிடும், மாலைக்குள் ஒரு மழை கொட்டித் தீர்த்துவிடும். மழைக்காக யாரும் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. இங்கே டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாருமே பேச்சுக்கு நடுவில் ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கோட்டை மலையின் பாறைகள் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தன. ஓட்டலில் சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள். அந்தக் காரத்துக்கு என் கண்ணிலிருந்து மட்டும் மழை வந்தது.

பயணியர் விடுதியில் டாக்டர் சுந்தரேசன் காத்திருந்தார். ஆராய்ச்சிப் பண்ணையில் பூச்சியியல் அறிஞர். நாற்பது வயது, தலையில் தொப்பி, தொண்டையில் வெண்கல மணி. அவருடைய எதிரி ஒரே ஒரு பூச்சி. நிலக்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்கிறார்கள். அந்த மல்லாட்டை போட்ட நிலத்தில், இவர்கள் பேச்சில் கொல்லையில், வந்து விழும் சிவப்புக் கம்பளிப்பூச்சிதான் அது.

"அதோட கதையே விசித்திரம், மேடம்," என்றார். "வருஷம் பூரா மண்ணுக்கடியில கூட்டுப்புழுவா தூங்கும். வெயில் கால முடிவுல முதல் பெருமழை பெய்யணும். பெய்ஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே அந்துப்பூச்சியா மாறி, அத்தனையும் ஒண்ணா வெளியே வரும். ரெண்டு மூணு நாள்ல முட்டை வெச்சிடும். முட்டை பொரிச்சா கம்பளிப்பூச்சி. அது கூட்டம் கூட்டமா நடந்து கொல்லை கொல்லையா மொட்டை அடிச்சிடும்."

"மருந்து?"

"ரோமம் முளைச்ச பிறகு மருந்துக்கும் லேசில் மசியாது. ஆனா அந்துப்பூச்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளிச்சத்தைக் கண்டா ஓடி வரும். மழை பெய்ஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் கொல்லைக்குக் கொல்லை நெருப்பு மூட்டினா போதும், விழுந்து செத்துடும். பைசா செலவில்லை. ரெண்டு வருஷமா தொண்டை கிழியச் சொல்றேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர் கொளுத்தினது கிடையாது. அறியாமை, மேடம், அறியாமை!"

மறுநாள் அவர் பிரசாரத்தைக் கேட்டதும் நோய் என்னவென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. செஞ்சிக் கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தி, ஒலிபெருக்கியில் தாம் எழுதிய துண்டுப் பிரசுரத்தை வாசித்தார். "அந்துப்பூச்சிகளின் ஒளிநாட்டத்தைப் பயன்படுத்தி அவற்றின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவீர்!" கோட்டை மலை அதைக் கேட்டுவிட்டு "படுத்துவீர்!" என்று திருப்பிச் சொன்னது. கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்துக் கடைக்காரரிடம், "யாரைப் படுக்கச் சொல்றாரு?" என்று விசாரித்தார்.

ஜீப் ஓட்டுநர் பாஷா பாய் தமிழில் அதிகம் பேசமாட்டார். ஜீப்போடு மட்டும் உருதுவில் பேசுவார். அன்று ஸ்டியரிங்கைத் தட்டி ஏதோ சொன்னார், என்ன என்று கேட்டேன். "மகாராணியே, நீயாவது இவர் பேச்சைக் கேட்டுக் கிளம்பு" என்று சொன்னாராம்.

"டாக்டர், உங்கள் விஷயம் தங்கம். தமிழ்தான் இரும்பு," என்றேன். "நாளைக்கு நான் பேசுகிறேன், பாருங்கள்." அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் மைக்கை என்னிடம் கொடுக்கச் சம்மதித்தார்.

அதே கடைத்தெருவில்தான் ஆரோக்கியமேரியைச் சந்தித்தேன். சிங்கவரத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே இவர் வீட்டில் நான் தங்க சுந்தரேசன் ஏற்பாடு செய்திருந்தார். கிறிஸ்தவத் தெருவைச் சேர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் மெட்ராசில் கொத்தனார் வேலை. இவர் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லையைப் பார்க்கிறார். என்னைப் பார்த்ததும், "வாம்மா, மலேயாவுலருந்து வந்தது நீதானா? நல்லாத்தான் கீற. இரு, ஒரு பூட்டு வாங்கிட்டு வந்துடறேன்," என்று இரும்புக்கடைக்குள் நுழைந்தார்.

நல்ல பெரிய பித்தளைப் பூட்டாகப் பொறுக்கினார். மூன்றைத் திறந்து மூடிப் பார்த்து, நான்காவதை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் பூட்டு இல்லையா என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல யாரு வூட்டப் பூட்டறா? இது வேற. ரெண்டு வருசமா மல்லாட்டைய பூச்சி தின்னுது. இந்த வருசமும் தின்னுச்சின்னா வூட்டப் பூட்டிட்டுப் பிள்ளைங்கள இட்டுகினு மெட்ராசுக்குப் போயிடுவேன். அங்க சித்தாள் வேலை இருக்குதாம். கல்லு மண்ணு தூக்கினாலும் பூச்சி திங்காது பாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பூட்டை முந்தானையில் முடிந்தபோது கை சற்று நேரம் அந்த முடிச்சிலேயே இருந்தது.

ஊருக்குப் போகும் வழியில் அவர் கொல்லையைக் காட்டினார். வைகாசியில் பெய்த ஒரு தூறலை நம்பி விதைத்தது. சின்னச் சின்ன இலைகளோடு வாடிப்போய் நின்றது. இந்தப் பயிருக்கு மழை வந்தாக வேண்டும். மழை வந்தால் பூச்சியும் வந்துவிடும். கடவுள் இவர்களுக்கு வைத்த கணக்கு மகா அநியாயம் என்று எனக்குப் பட்டது.

அடுத்த நாள் காலை பஞ்சாயத்து ரேடியோ கட்டியிருந்த கம்பத்தடியில் கூட்டம். என் முழுத் திறமையையும் காட்டினேன். ஒளிநாட்டமும் இல்லை, இனப்பெருக்கமும் இல்லை. பூச்சியை ஒரு மாமியார் ஆக்கினேன். வருஷமெல்லாம் தூங்கிவிட்டு மழை பெய்ததும் எழுந்து வந்து மருமகள் சமைத்ததை எல்லாம் தின்கிற மாமியார். அவளுக்கு விளக்கு வெளிச்சத்தில் ஊர்வம்பு பேசுவதென்றால் உயிர். ஆகவே கொல்லையில் நெருப்பு மூட்டுங்கள், வம்பு பேச வந்து விழுவாள் என்றேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊர் நாட்டாமைக்காரர் கோவிந்தசாமி, வெற்றிலைப் பையோடு முன்வரிசையில் இருந்தவர், "அருமையா சொல்லுச்சு மலேயாப் பொண்ணு," என்றார். சுந்தரேசன்கூடக் கைதட்டினார். நெருப்பு மூட்டுவீர்களா என்று கேட்டேன். "மூட்டிடுவோம்மா!" என்று ஊரே சொன்னது.

மதியம் ஆரோக்கியமேரி களி கிண்டினார். எங்கள் ஊரில் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் நாசி லெமாக்கில் பாதி விஷயம் சோற்றிலேயே இருக்கும். கேழ்வரகுக் களியில் எல்லா விஷயமும் குழம்பில்தான். உருண்டையில் குழி செய்து முருங்கைக்கீரைக் குழம்பை ஊற்றி, மெல்லாமல் விழுங்கச் சொல்லிக்கொடுத்தார். நான் மென்றேன். பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். வெற்றிக் களிப்பில் இருந்ததால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"எல்லாரும் மூட்டிவிடுவார்கள் இல்லையா அக்கா?" என்றேன்.

அவர் களித் துடுப்பைக் கழுவிக்கொண்டே, "ஒருத்தரும் மூட்ட மாட்டாங்க," என்றார்.

கையிலிருந்த களியைத் தட்டில் போட்டேன். "மூட்டுவோம் என்று சொன்னார்களே!"

"பின்ன? அவ்ளோ தூரத்துலருந்து கப்பலேறி வந்து பேசின பொண்ணுகிட்ட மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னா சொல்லுவாங்க? டாக்டருகிட்டயும் அப்டித்தான் சொன்னாங்க."

"நீங்கள்?"

"நானும் மூட்ட மாட்டேன். மழை பெய்ஞ்ச அன்னிக்கு நெருப்பா? எங்க ஊர்ல மொத மழை விழுந்துச்சின்னா வெளிய அடுப்புகூட வைக்க மாட்டோம்மா. இத்தன மாசம் கூப்ட்டு, அழுது, கெஞ்சி வரவழைச்ச மழை. அது வாசல்ல வந்து நிக்குது, நீ நெருப்ப எடுத்து மூஞ்சில காட்டுவியா? கோச்சிக்கினு போயிடும். அந்தத் தெரு, இந்தத் தெரு, எல்லாருக்கும் அதான். கோயிலுக்குப் போறவங்க, சர்ச்சுக்குப் போறவங்க எல்லாம் இதுல ஒண்ணு."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுந்தரேசன் இவர்களுக்கு அறிவு போதாது என்று நினைத்தார். நான் சுந்தரேசனுக்குத் தமிழ் போதாது என்று நினைத்தேன். ஏன் மூட்டவில்லை என்று இவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மாமியார் கதையை நினைக்க வெட்கமாக இருந்தது.

அப்போது தெருவில் மாரடித்து அழும் சத்தம் கேட்டது. யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்து வெளியே ஓடினேன். வைக்கோலும் களிமண்ணும் கொண்டு செய்த ஒரு பெண் உருவத்தைக் கயிறு கட்டித் தெருப் புழுதியில் இழுத்து வந்தார்கள். பின்னால் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். நடுநடுவே சிரிப்பும் இருந்தது.

"கொடும்பாவி," என்றார் ஆரோக்கியமேரி. "ஊர்ல இருக்கிற பாவமெல்லாம் அவதான். அவளாலதான் மழை வரலன்னு இழுப்பாங்க. கடைசி நாள் சுடுகாட்டுல எரிச்சிடுவாங்க."

"எரிப்பார்களா?"

"பொணம்னா எரிக்காம?"

அடுத்த நிமிஷம் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜீப் அருகில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த சுந்தரேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். "மழைக்குக் கோபம் வருமாம்! இருபதாம் நூற்றாண்டு, மேடம். மனுஷன் ராக்கெட்ல பறக்கறான்!" பிறகு சிகரெட்டைக் கடைசிவரை இழுத்தார். அதைக் காலால் நசுக்கிவிட்டு, "ரெண்டு வருஷம் போச்சே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான்," என்றார். எனக்கு அவரை அந்த நிமிஷத்தில்தான் பிடித்துப்போனது.

ஆரோக்கியமேரியையும் அழைத்துக்கொண்டு நாட்டாமைக்காரர் வீட்டுக்குப் போனோம். சுந்தரேசன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிரசங்கம் செய்யவில்லை. "நாட்டாமை, மழை பெய்ஞ்ச அன்னைக்கு நெருப்பு வைக்கவே கூடாதா? எதுக்காவது விலக்கு உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

கோவிந்தசாமி வெற்றிலையின் நரம்பைக் கிள்ளியபடி யோசித்தார். "பொணத்துக்கு உண்டு. செத்தவங்களுக்கு வைக்கிற நெருப்புக்கு மழை ஒண்ணும் சொல்லாது."

"அப்ப கொடும்பாவி?"

"அதுவும் பொணம்தான். ஆனா நாளைக்கு எரிச்சிடுவோம்."

"மழை வர்ற வரைக்கும் வெச்சிருந்து, வந்த அன்னைக்கு எரிச்சா?"

"வைக்கலாம். மழை வந்துட்டா அவ வேலை முடிஞ்சுது, அனுப்பிட வேண்டியதுதான். தப்பில்ல."

"சுடுகாட்டுல இல்லாம, மல்லாட்டைக் கொல்லை வரப்புல?"

கோவிந்தசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு, "கொல்லைக்குத்தான கெடுதல் பண்ணா. அங்கயே எரிக்கலாம்," என்றார்.

"ஒரு நெருப்பு பத்தாதே நாட்டாமை. கொல்லைக்குக் கொல்லை வேணும்," என்று சுந்தரேசன் தயங்கியபடி சொன்னார். இத்தோடு கெட்டது என்று நான் நினைத்தேன்.

"ஏன்யா, ஊர்ல பாவிக்கா பஞ்சம்?" என்றார் கோவிந்தசாமி. "ஆளுக்கு ஒண்ணு கட்டிக்கினா போச்சு."

வீடே சிரித்தது. அவர் ஆரோக்கியமேரி பக்கம் திரும்பி, "உங்க தெரு இன்னா பண்ணும்மா?" என்று கேட்டார். "எங்களுக்கு ஆள் இருக்கான், ஏசுவக் காட்டிக்குடுத்த யூதாசு," என்றார் அவர் உடனே. "சர்ச்சு சாமியாரு கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அடுத்து வந்த நாட்களில் நான் பார்த்தது போன்ற ஒரு தொழிற்சாலையை எங்கும் பார்த்ததில்லை. இரண்டு தெருவிலும் வைக்கோல் பிரிகளை முறுக்கிப் பாவிகளைக் கட்டினார்கள். ஒருவருக்கு மீசை வைத்தார்கள், இன்னொருவருக்குக் கிழிந்த கோட்டுப் போட்டார்கள். ஒரு பாவிக்குத் தலையில் தொப்பி இருந்ததைப் பார்த்து சுந்தரேசன் தம் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவரும் சும்மா இல்லை. எந்த வரப்பில் வைத்தால் வெளிச்சம் எந்தக் கொல்லைவரை போகும் என்று ஒவ்வொருவரோடும் நடந்து காட்டினார். மரத்தடியிலும் வரப்போரத்திலும் மண்ணைத் தோண்டி, தூங்கும் கூட்டுப்புழுவை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒலிபெருக்கி ஜீப்பிலேயே கிடந்தது. பாவிகளை நனையாமல் மாட்டுக்கொட்டகைகளில் அடுக்கினார்கள். பக்கத்தில் நின்ற மாடுகள் அவற்றின் காலைத் தின்ன ஆரம்பித்ததால் மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

மழை எங்களைக் கேட்டுக்கொண்டா வரும்? மண்ணெண்ணெய் வாங்க நானும் சுந்தரேசனும் செஞ்சிக்குப் போன பிற்பகலில் கோட்டை மலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி வந்தது. மலேயாவில் பிறந்து வளர்ந்த எனக்கே அது மழைதான். செஞ்சிக் கடைக்காரர்கள் சட்டையோடு தெருவில் நின்று நனைந்தார்கள். நாங்கள் மட்டும் "ஜீப், ஜீப்" என்று கத்திக்கொண்டு ஓடினோம்.

பாதி வழியில் ஓடை கடக்கும் இடத்தில் மகாராணி சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பாஷா பாய் உருதுவில் கெஞ்சினார், பிறகு திட்டினார். திட்டியதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். அவரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் நடந்தோம். மழை விட்டிருந்தது. சேறு கணுக்காலுக்கு மேல் இருந்தது. மேற்கில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"நாம இல்லாம மூட்ட மாட்டாங்க," என்றார் சுந்தரேசன். "கடைசி நேரத்துல பயந்துடுவாங்க. இவ்வளவு நல்ல மழை வேற. யாருக்கு மனசு வரும்?" நான் தைரியம் சொன்னேன். ஆனால் முந்தானையில் முடிந்திருந்த அந்தப் பித்தளைப் பூட்டு கண்முன்னாலேயே நின்றது. இன்று விட்டால் பூச்சி முட்டை வைத்துவிடும், அப்புறம் இந்த வருஷத்து மல்லாட்டையை யாராலும் காப்பாற்ற முடியாது.

சிங்கவரம் தாண்டித் திரும்பியதும் சுந்தரேசன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். எதிரே கொல்லைவெளியில் ஒரு நெருப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு அப்பால் இன்னொன்று. பிறகு சர்ச் பக்கத்தில் வரிசையாக நான்கைந்து. எங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவர் ஓட ஆரம்பித்தார், சேற்றில் விழுந்தார், எழுந்து மறுபடி ஓடினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஒவ்வொரு வரப்பிலும் ஒப்பாரி. "பாவி போறாளே, மழையத் தந்துட்டுப் போறாளே" என்று அழுகையும் கும்மாளமுமாக நெருப்பைச் சுற்றினார்கள். ஈர மண்ணிலிருந்து வெள்ளைச் சிறகுகள் கிளம்பி வந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு முகத்தில் மோதுகிற அளவுக்கு. நெருப்பில் விழுந்து பொரிந்தன. ஒப்பாரி மெல்ல நின்றுபோனது. எல்லாரும் பூச்சியையே பார்த்தார்கள்.

சுந்தரேசன் பழக்கத்தில் மைக்கைத் தேடினார். அது ஜீப்போடு ஓடையில் இருந்தது. தரையில் தத்திக்கொண்டிருந்த ஒரு பெண் பூச்சியை எடுத்து, நெருப்பு வெளிச்சத்தில் அதன் வயிற்றை நகத்தால் கீறி, உள்ளே இருந்ததை ஆரோக்கியமேரியின் உள்ளங்கையில் பிதுக்கினார். கசகசாபோல் குவியலாக முட்டை. "இது ஒண்ணோட வயித்துல மட்டும்," என்றார். ஆரோக்கியமேரி அந்தக் கையை மூடவே இல்லை. அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு அடுத்த நெருப்புக்கும் அதற்கடுத்த நெருப்புக்கும் போய்க் காட்டினார்.

நெருப்புகள் அணைந்து எல்லாரும் சாப்பிடப் போனபோது ஊரே திருவிழா முடிந்த சந்தோஷத்தில் இருந்தது. சுந்தரேசன் முகம் மட்டும் மறுபடி வாடியது. "இன்னும் ரெண்டு சாயங்காலம் வேணும், மேடம். இன்னைக்கு வந்தது முதல் கூட்டம்தான். ஆனா பாவிங்க எல்லாம் எரிஞ்சு போச்சே. செத்தவங்களைத் திரும்ப எரிக்கச் சொல்ல முடியுமா?"

மறுநாள் முழுக்க அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் வற்புறுத்தி வாங்கிய சம்மதம் ஒருநாள் தாங்கும், அதற்குமேல் அவர்களாகச் செய்தால்தான் உண்டு என்றார். நான் பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். உறியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரம். கோவிந்தசாமியின் மருமகள் ஒரு கையில் அரிக்கேன் விளக்கும், மறு கையில் அகலமான தாம்பாளமுமாகக் கொல்லைப் பக்கம் போனார். பின்னால் இன்னும் சில பெண்கள், அதேபோல் விளக்கும் தட்டுமாக. நாங்கள் பின்தொடர்ந்தோம். வரப்பில் மூன்று கழிகளை முக்காலிபோல் கட்டி விளக்கைத் தொங்கவிட்டு, அடியில் தாம்பாளத்தை வைத்து, தண்ணீர் ஊற்றி, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டார்கள். சுந்தரேசன் குனிந்து தாம்பாளத்தைப் பார்த்தார். அவருடைய துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கத்தில் இருந்த படம் அப்படியே அங்கே நின்றது. பூச்சி வெளிச்சத்துக்கு வந்து தண்ணீரில் விழுந்து சாகும்.

"இது என்ன நாட்டாமை?" என்று வரப்பில் நின்ற கோவிந்தசாமியிடம் கேட்டேன்.

"நேத்து எரிச்சமே, இன்னிக்குப் பால்தெளி. செத்தவங்களுக்கு விளக்கு வைக்கணும் இல்ல? பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வைக்கலாம்," என்றார் கோவிந்தசாமி. அந்தப் பக்கம் சர்ச் கொல்லைகளிலும் விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. செத்தவர்கள் கல்லறையில் விளக்கு வைக்கும் கல்லறைத் திருநாள், யூதாசுக்காம்.

சுந்தரேசனால் பொறுக்க முடியவில்லை. எனக்கும் அது உறுத்தியது. வெறும் சடங்கென்று செய்தால் அடுத்த வருஷம் என்ன ஆகும்? "நாட்டாமை," என்றார் அவர், "இது பூச்சிக்கு வைக்கிற விளக்கு. அது உங்களுக்குப் புரியணும். இல்லேன்னா நான் சொல்லி என்ன பிரயோஜனம்?"

கோவிந்தசாமி வாயிலிருந்த வெற்றிலையை வரப்போரம் துப்பிவிட்டு வந்தார். "பூச்சி சாவறதுக்குத்தான் டாக்டரே வைக்கிறோம். செத்த வைக்கோலுக்கு யாராவது மண்ணெண்ண ஊத்திப் பால்தெளி பண்ணுவாங்களா? நீங்க மொத வருசம் சொன்னதே எங்களுக்குப் புரிஞ்சிது. புரியாமயா கொளுத்தாம இருந்தோம்? மழைக்கு ஒரு பதில் சொல்லணுமே, அதுக்குத்தான் வழி தெரியல. நீங்க வந்து கேட்டீங்க, ரெண்டு பேருமா தேடினோம், கெடச்சிது."

சுந்தரேசன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த வெண்கலத் தொண்டையிலிருந்து பேச்சு வராததை நான் அன்றுதான் பார்த்தேன்.

நான் கிளம்பும்வரை ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கு ஏறியது. ஒலிப்பதிவு இயந்திரத்தைக் கடைசியில்தான் திறந்தேன். ஆரோக்கியமேரியும் கோவிந்தசாமியும் பேசினார்கள், சுந்தரேசன் பேசினார். நான் கேள்வி மட்டும் கேட்டேன். கோலாலம்பூரில் மேலதிகாரி ஒலிநாடாவைக் கேட்டுவிட்டு, "உன் குரலே காணோமே?" என்றார். அதுதான் நான் இதுவரை செய்ததில் நல்ல நிகழ்ச்சி என்றேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். கொசுவைப் பற்றிப் பேசத் தோட்டத்துக்குப் போகும்போது இப்போதெல்லாம் முதல் நாள் மைக்கை எடுத்துப் போவதில்லை.

அந்த வருஷக் கடைசியில் செஞ்சிப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த ஒருவர் ஒரு தகர டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆரோக்கியமேரி அனுப்பியது என்றார். தூக்கவே கனமாக இருந்தது. குலுக்கிப் பார்த்தேன், கலகலவென்று மல்லாட்டை. வழியில் யாரும் கைவைக்காமல் இருக்கவோ என்னவோ, கொண்டியில் பூட்டுப் போட்டிருந்தார்கள். நல்ல பெரிய பித்தளைப் பூட்டு, செஞ்சி இரும்புக்கடையில் நான் பக்கத்தில் நிற்க, மூன்றைத் தள்ளிவிட்டு நான்காவதாகப் பொறுக்கிய அதே பூட்டு. சாவியைக் கைப்பிடியிலேயே கட்டி அனுப்பியிருந்தார்.